ஹாலண்ட் இல்லாமல் கட்டிய டீமும் ஏழு வார ரிப்பேரும்

இதை எழுதுவது 2024 அக்டோபரில். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து 2024-25 சீசனில் ஏழு வாரம் ஓடி, சர்வதேச ஆட்டங்களுக்காக இடைவேளை விட்டிருக்கிறார்கள். எஃப்பிஎல் (ஃபேன்டஸி பிரீமியர் லீக்) என்பது நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை டீம் கட்டி, அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதற்கு ஏற்பப் பாயின்ட் வாங்கும் விளையாட்டு. எங்கள் எட்டுப் பேர் எஃப்பிஎல் லீக்கில் நான் முதல் வாரம் முதலிடம், மூன்றாம் வாரம் ஏழாமிடம், ஐந்தாம் வாரம் மூன்றாமிடம், இப்போது ஆறு. இதற்குள் டீமை இரண்டு முறை பிரித்து மாட்டியாயிற்று. முதல் ரிப்பேர் ஒருவழியாக வேலை செய்தது. இரண்டாவது சொதப்பல். கணக்கு மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன், அடுத்த ஆகஸ்டில் எனக்கே தேவைப்படும்.

லீக் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. திருச்சியில் ஒரே விடுதியில் இருந்தவர்கள், கூடவே எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி. அவள் இப்போது சிங்கப்பூரில், ஒருவன் துபாயில், மற்றவர்கள் சென்னையிலும் கோவையிலுமாக. பணப் பந்தயம் கிடையாது. மாதக் கடைசியில் அட்டவணையின் அடியில் இருப்பவர் ஊரில் இருக்கிற மற்றவர்களுக்குப் பரோட்டா வாங்கித் தர வேண்டும். வெளிநாட்டுக்காரர்களின் பாக்கியை அவர்கள் லீவில் வரும்போது மொத்தமாக வசூல் செய்வோம். துபாய்க்காரன் கணக்கில் போன சீசன் பரோட்டாவே இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஆட்ட விதியில் இந்தப் பதிவுக்கு வேண்டியது இவ்வளவுதான். 100 மில்லியன் பவுண்டு பட்ஜெட்டில் 15 பேரை எடுக்க வேண்டும், ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. கேப்டனுக்கு இரட்டைப் பாயின்ட். வாரத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் (ஒருவரை விற்று இன்னொருவரை வாங்குவது) இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 பாயின்ட் வெட்டு. போன வருடம் வரை இரண்டு இலவச டிரான்ஸ்ஃபர்தான் சேர்த்து வைக்க முடியும். இந்த சீசனில் அதை ஐந்தாக ஏற்றிவிட்டார்கள். இந்த ஒரு மாற்றம் ரிப்பேர் செய்யும் முறையையே மாற்றிவிட்டது. அதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு ஏழு வாரம் பிடித்தது.

முதலில் கட்டுமானம். மான்செஸ்டர் சிட்டியின் ஸ்ட்ரைக்கர் ஹாலண்டின் தொடக்க விலை 15.0. போன சீசனில் 14.0ல் தொடங்கி 27 கோல் அடித்தவருக்கு ஒரு மில்லியன் ஏற்றி வைத்திருந்தார்கள். 15 பேருக்கு 100 என்றால் ஆளுக்குச் சராசரி 6.7கூட வராது, அதில் ஒருவருக்கே 15 கொடுத்தால் மீதிப் பதினாலு பேர் 85க்குள் அடங்க வேண்டும். நான் அந்தக் காசைப் பரப்பிப் போடுவது என்று முடிவு செய்தேன். கூகுள் ஷீட்டில் இரண்டு டீம் எழுதிப் பார்த்து, ஹாலண்ட் இல்லாத டீம்தான் கண்ணுக்கு அழகாக இருந்தது என்பதால் அதையே எடுத்தேன். அழகாக இருப்பது எஃப்பிஎல்லில் ஒரு தகுதியே இல்லை.

கோல்கீப்பர் ராயா 5.5, பெஞ்சுக்கு 4.0ல் ஒருவர். டிஃபென்ஸில் அலெக்ஸாண்டர்-அர்னால்ட் 7.0, கேப்ரியல் 6.0, 4.5ல் ஒருவர், 4.0ல் இருவர். மிட்ஃபீல்டில் சாலா 12.5, சாகா 10.0, சன் 10.0, ஆஸ்டன் வில்லாவின் ரோஜர்ஸ் 5.0, 4.5ல் ஒருவர். முன்னால் வாட்கின்ஸ் 9.0, ஐசக் 8.5, ஜோவாவ் பெட்ரோ 5.5. கூட்டிப் பார்த்தால் சரியாக 100.0. கையில் ஒரு பைசா மிச்சமில்லை. அன்றைக்கு அது சாமர்த்தியமாகத் தெரிந்தது.

செல்சியின் பால்மரையும் எடுக்கவில்லை. 10.5 விலை. போன சீசனில் 244 பாயின்டோடு மொத்த எஃப்பிஎல்லிலும் முதல் ஆள் அவர்தான். ஆனால் செல்சிக்குப் புதுப் பயிற்சியாளர், கூட்டமான அணி, எப்படி ஆடுவார்களோ என்று ஒரு சந்தேகம். ஆகஸ்டில் சந்தேகப்பட ஆரம்பித்தால் எல்லாரையும் சந்தேகப்படலாம்.

டெட்லைன் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் ஆடுகிறவர்களுக்குப் பயன்படும். வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பு பூட்டிவிடுவார்கள். சனிக்கிழமை முதல் ஆட்டம் அங்கே பகல் 12:30 என்றால் நமக்கு மாலை 5 மணி, டெட்லைன் மாலை 3:30. சிங்கப்பூரில் 6 மணி, துபாயில் 2 மணி. சனிக்கிழமை 3:30 என்பது சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம். எங்கள் லீக்கில் டெட்லைனைக் கோட்டை விட்டவர்களில் பாதிப் பேர் தூக்கத்தில் விட்டவர்கள்தான். அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கிலாந்தில் கடிகாரத்தை மாற்றியதும் நமக்கு இது 4:30 ஆகும். நான் மதியம் 2:45க்கு ஒரு அலாரம் வைத்திருக்கிறேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்தால் தேவையில்லாமல் எதையாவது நோண்டுவேன்.

முதல் வாரம், ஆகஸ்ட் 16. கேப்டன் சாலா. லிவர்பூல் இப்ஸ்விச்சில் 2-0, சாலாவுக்கு ஒரு கோல், ஒரு அசிஸ்ட் (கோலுக்குப் பாஸ் கொடுத்தது). ஆர்சனல் வுல்வ்ஸை 2-0, சாகாவுக்கும் ஒரு கோல், ஒரு அசிஸ்ட். ராயா, கேப்ரியல், அர்னால்ட் மூவருக்கும் கிளீன் ஷீட், அதாவது அவர்கள் அணி கோல் வாங்கவில்லை. ஹாலண்ட் செல்சிக்கு எதிராக ஒரே ஒரு கோல். நான் முதலிடம். வாட்ஸ்அப் குழுவில் அட்டவணையைப் படம் பிடித்துப் போட்டேன், கேட்காதவர்களுக்கும் அனுப்பினேன்.

இரண்டாம் வாரம்தான் டீம் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று தெரிந்தது. என் ஆட்கள் யாரும் மோசமில்லை. சாலா பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக ஒரு கோல். சன் எவர்ட்டனுக்கு எதிராக இரண்டு. ஜோவாவ் பெட்ரோ 95வது நிமிடத்தில் மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு எதிராக வெற்றிக் கோல். வழக்கமான வாரமாக இருந்தால் இது போதும். ஆனால் சிட்டி 4-1 என்று இப்ஸ்விச்சை அடித்ததில் ஹாலண்ட் ஹாட்ரிக். மூன்று கோலுக்கு 12, ஆடியதற்கு 2, போனஸ் 3, ஆக 17. கேப்டனாகப் போட்டவர்களுக்கு 34. லீக்கில் ஐந்து பேர் போட்டிருந்தார்கள். மறுநாள் செல்சி வுல்வ்ஸை 6-2 என்று பிரித்து மேய்ந்தது. மடுவேகே ஹாட்ரிக், அந்த மூன்று கோலுக்கும் பாஸ் கொடுத்தது பால்மர், போதாதென்று தானும் ஒரு கோல். முதலிடத்திலிருந்து ஐந்துக்கு வந்தேன், என் டீம் நன்றாக ஆடிய வாரத்தில்.

மூன்றாம் வாரம் இரண்டு இலவச டிரான்ஸ்ஃபர் சேர்ந்திருந்தது. அதில் ஒன்றை எடுத்து, ஆடாமல் உட்கார்ந்திருந்த 4.0 டிஃபெண்டரை விற்று இன்னொரு 4.0 டிஃபெண்டரை வாங்கினேன். பெஞ்சிலிருந்து பெஞ்சுக்கு. வீட்டில் கூரை ஒழுகும்போது வாசல் கதவுக்குப் பெயின்ட் அடித்த மாதிரி. கேப்டன் பதவியை சாலாவிடமிருந்து சாகாவுக்கு மாற்றினேன், ஓல்டு டிராஃபோர்டில் லிவர்பூல் தயங்கும், ஆர்சனல் சொந்த மைதானத்தில் பிரைட்டனை வெல்லும் என்ற நம்பிக்கையில். ஆர்சனலில் ரைஸ் சிவப்பு அட்டை வாங்கி ஆட்டம் 1-1. சாகாவுக்கு ஒரு அசிஸ்ட் வந்தது, அதோடு சரி. அன்று இரவே வெஸ்ட் ஹாமில் ஹாலண்ட் மறுபடி ஹாட்ரிக், மறுபடி 17. ஞாயிறு லிவர்பூல் 3-0, சாலா ஒரு கோல், இரண்டு அசிஸ்ட். அவர் கையில் கேப்டன் பட்டை இல்லை.

இரண்டு வாரத்தில் ஹாலண்டின் கேப்டன் பாயின்ட் மட்டும் 68. ஏழாமிடம். எனக்குக் கீழே இருந்த ஒரே ஆள் துபாய்க்காரன்.

அப்போது மூன்றாமிடத்தில் இருந்தது யார் என்றால், ஆகஸ்ட் 16க்குப் பிறகு டீமைத் திறந்தே பார்க்காத கோவைக்காரன். தங்கச்சி கல்யாண வேலையில் பாஸ்வேர்டை மறந்துவிட்டான். ஹாலண்ட் கேப்டன், பால்மர் வைஸ் கேப்டன் என்று போட்டுவிட்டுப் போனவன். "மாப்ள, நான் எந்த எடத்துல இருக்கேன்னு பாத்துச் சொல்லுடா" என்று குழுவில் கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை.

செப்டம்பர் முதல் பாதியில் சர்வதேச இடைவேளை. அதில்தான் முதல் ரிப்பேர். சென்னையில் இருக்கும் நண்பன் ஒருவன், "வைல்டு கார்டு போட்டு மொத்தத்தையும் மாத்திரு மச்சான், யோசிக்காத" என்றான். வைல்டு கார்டு என்றால் அந்த வாரம் எத்தனை பேரை வேண்டுமானாலும் வெட்டு இல்லாமல் மாற்றலாம், சீசனின் ஒவ்வொரு பாதிக்கும் ஒன்றுதான். போடவில்லை. பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் எனக்குப் பிடித்தவர்கள்தான். பழுது ஆட்களில் இல்லை, காசு கட்டிக்கிடந்த இடத்தில். அதை நகர்த்த எத்தனை டிரான்ஸ்ஃபர் வேண்டும் என்று மட்டும் பார்த்தேன்.

ஷீட்டில் நாலே நாலு பத்தி: ஆள், வாங்கிய விலை, இன்றைய விலை, விற்றால் கிடைப்பது. கடைசிப் பத்திதான் முக்கியம், பலரும் அதைப் பார்ப்பதில்லை. 5.5க்கு வாங்கிய ஆள் 5.7 ஆனால், விற்கும்போது நமக்கு 5.6தான் கிடைக்கும், லாபத்தில் பாதி. விலை இறங்கினாலோ நட்டம் முழுக்க நம் தலையில். விலை மாற்றம் நம் நேரப்படி காலை ஏழு மணி வாக்கில் வரும், பல் தேய்த்துக்கொண்டே பார்த்துவிடலாம்.

தொடக்க விலையில் கணக்கு இப்படி. வாட்கின்ஸ் இடத்தில் ஹாலண்ட் வர 6.0 தேவை. சன் 10.0ஐ விற்று 5.5க்கு ஃபுல்ஹாமின் ஸ்மித் ரோ வந்தால் 4.5 கிடைக்கும். அர்னால்ட் 7.0ஐ 5.5 டிஃபெண்டராக மாற்றினால் 1.5. மொத்தம் சரியாக 6.0. டாட்டனத்தின் பெட்ரோ போரோ அந்த 5.5க்குக் கச்சிதமாகப் பொருந்துவார் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அதற்குள் ஹாலண்ட் விலை ஏறிவிட்டது, ஸ்மித் ரோவும் லெஸ்டருக்கு எதிராகக் கோல் அடித்ததில் அவரை வாங்க ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. கையில் மிச்சம் பூஜ்யம் என்பதால் 0.1 வித்தியாசம்கூட மொத்தத் திட்டத்தையும் கவிழ்த்துவிடும். ஆகஸ்டில் 100.0ஐயும் செலவழித்த சாமர்த்தியத்தின் விலை இதுதான். போரோவை விட்டுவிட்டு ஃபுல்ஹாமின் ராபின்சன், 4.5ல் தொடங்கியவர், எடுத்தேன். அதனால் கொஞ்சம் சில்லறை கையில் நின்றது.

மூன்று மாற்றம், என்னிடம் இருந்ததோ இரண்டு இலவசம். மூன்றாவதுக்கு 4 பாயின்ட் வெட்டு. அந்த பெஞ்ச் டிஃபெண்டரை நோண்டாமல் இருந்திருந்தால் மூன்றும் இலவசமாக முடிந்திருக்கும். பழைய விதியில் இரண்டுக்கு மேல் சேராது, அதனால் வாரா வாரம் எதையாவது மாற்றிப் பழகிய கை. அந்தப் பழக்கத்துக்கு 4 பாயின்ட் கொடுத்தேன்.

நான்காம் வாரம், செப்டம்பர் 14. சிட்டி – பிரென்ட்ஃபோர்டு நமக்கு இரவு 7:30. ஆட்டம் தொடங்கி 22 நொடியில் பிரென்ட்ஃபோர்டின் விஸ்ஸா கோல் போட்டார். நான் டீ டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்த்தால் 0-1. பிறகு அரை மணி நேரத்தில் ஹாலண்ட் இரண்டு அடித்து 2-1. கேப்டன் அவர்தான், மனசு நிறைந்தது. அதே நேரம் ஆன்ஃபீல்டில் லிவர்பூல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 0-1 என்று தோற்றது, அர்னால்டை விற்றது சரிதான் என்று அதிலும் ஒரு திருப்தி. இரவு 10 மணிக்கு வில்லா – எவர்ட்டன். எவர்ட்டன் 2-0 முன்னிலை. அங்கிருந்து வில்லா 3-2 என்று ஜெயித்தது, அதில் இரண்டு கோல் வாட்கின்ஸ். நான் காலையில் விற்ற அதே வாட்கின்ஸ்.

குழுவில் சிங்கப்பூர்க்காரி ஒரு வரிதான் போட்டாள்: "வாட்கின்ஸுக்கு உன் மேல என்னடா கோபம்?"

கணக்கை நேர்மையாகப் போட்டால், வந்தவரும் போனவரும் ஆளுக்கு இரண்டு கோல். ஆள் மாற்றத்தில் லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை, வெட்டு 4 போக நட்டம் என்றே சொல்லலாம். ஆனால் அந்த வாரம் ஹாலண்ட் இல்லாதிருந்தால் நான் சாலாவைத்தான் கேப்டனாகப் போட்டிருப்பேன், அவருக்கு கோலும் இல்லை அசிஸ்டும் இல்லை. ரிப்பேரின் பலன் முழுக்க கேப்டன் நாற்காலியில் இருந்தது. 15 மில்லியன் கொடுத்து வாங்குவது ஒரு ஸ்ட்ரைக்கரை இல்லை. வாரா வாரம் யாரைக் கேப்டனாகப் போடுவது என்ற தலைவலியிலிருந்து விடுதலையை. மறுநாள் டாட்டனத்தில் சாகாவின் கார்னரை கேப்ரியல் தலையால் உள்ளே போட்டு ஆர்சனல் 1-0. டிஃபெண்டர் கோலுக்கு 6, கிளீன் ஷீட்டுக்கு 4. நான்காமிடத்துக்கு ஏறினேன்.

ஐந்தாம் வாரம் ஒரு டிரான்ஸ்ஃபரும் செய்யவில்லை. ஸ்மித் ரோ நியூகாசிலுக்கு எதிராக கோல் அடித்தார், வாங்கிய பொருள் உழைத்தால் வரும் நிம்மதி தனிதான். சிட்டி – ஆர்சனல் ஆட்டத்தில் ஹாலண்ட், சாகா, கேப்ரியல், ராயா என்று நாலு பேர் எனக்கு. 9வது நிமிடத்தில் ஹாலண்ட் கோல், இந்த சீசனில் அவருடைய பத்தாவது. அந்தக் கோலே ராயா, கேப்ரியல் இருவரின் கிளீன் ஷீட்டையும் காலி செய்தது. ரோட்ரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். கேப்ரியல் மறுபடி கார்னரில் கோல், ஆர்சனல் 2-1. டிராசார்டு சிவப்பு அட்டையோடு போக, இரண்டாம் பாதி முழுக்கப் பத்துப் பேர் பெட்டிக்குள் நின்று தடுத்தார்கள். 98வது நிமிடத்தில் ஸ்டோன்ஸ் சமன் செய்தார். வெறுமனே ஆட்டம் பார்த்தவர்களுக்கு அது 2-2. எனக்கோ ராயாவுக்கு ஒன்று, கேப்ரியலுக்கு ஒன்று குறைந்தது, ஏனென்றால் இரண்டு கோல் வாங்கினால் கீப்பருக்கும் டிஃபெண்டருக்கும் ஒரு பாயின்ட் வெட்டு. அப்படியும் மூன்றாமிடம். கோவைக்காரனைத் தாண்டிவிட்டேன், அவன் டீம் இன்னும் பூட்டியே கிடந்தது.

ஆறாம் வாரம், செப்டம்பர் 28. ஹாலண்ட் நியூகாசிலில், மாலை 5 மணி ஆட்டம். 1-1, சிட்டியின் கோல் குவார்டியோல் அடித்தது. என் கேப்டன் சும்மா வந்துவிட்டுப் போனார். ஐசக் கால்விரல் காயத்தால் ஆடவே இல்லை, அவருக்குப் பதில் பெஞ்சிலிருந்து நாலரை மில்லியன் மிட்ஃபீல்டர் தானாக உள்ளே வந்தார். சரி, இப்படியும் வாரங்கள் வரும் என்று தேற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். 7:30க்கு செல்சி – பிரைட்டன். கடையில் பால் பாக்கெட்டுக்குச் சில்லறை வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது: பால்மர் கோல். பாக்கெட்டைப் பையில் போடும்போது இன்னொன்று, பெனால்டி. தெருமுனை திரும்புவதற்குள் மூன்றாவது, ஃப்ரீ கிக். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் நாலாவது. இடைவேளைகூட வரவில்லை. பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றின் முதல் பாதியிலேயே நாலு கோல் அடித்த முதல் ஆள் அவர்தான்.

மிட்ஃபீல்டர் என்பதால் கோலுக்கு 5, ஆக நாலு கோலுக்கு 20, ஆடியதற்கு 2, போனஸ் 3. மொத்தம் 25. சிங்கப்பூர்க்காரி அவரை கேப்டனாகப் போட்டிருந்தாள், 50. ஹாலண்ட் நியூகாசிலில் ஆடும் வாரத்தில் பால்மர் சொந்த மைதானத்தில் ஆடுகிறார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாள். உண்மையிலேயே யோசிக்க ஒன்றும் இல்லை. கேப்டன் தலைவலியிலிருந்து விடுதலை என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அப்படியே நம்பியது நான் மட்டும்தான்.

இரண்டாவது ரிப்பேர் இங்கே தொடங்குகிறது. இந்த முறை கையில் மூன்று இலவச டிரான்ஸ்ஃபர் இருந்தது. பால்மரை உள்ளே கொண்டுவர இரண்டு வழி. ஒன்று நீளமானது: ஸ்மித் ரோ இடத்தில் பால்மர், அதற்கான காசுக்கு காயம்பட்ட ஐசக்கை விற்று 5.5 பக்கத்தில் ஒரு ஸ்ட்ரைக்கர், கேப்ரியலை விற்று 4.5ல் ஒரு டிஃபெண்டர். மூன்று மாற்றம், வெட்டு இல்லை, சாகாவும் இருப்பார். மற்றது குறுக்கு வழி: சாகாவை விற்று நேராக பால்மர், ராபின்சனில் மிச்சம் பிடித்த சில்லறை அந்த விலை வித்தியாசத்துக்குச் சரியாகப் போதும். ஒரே டிரான்ஸ்ஃபர், மீதி இரண்டு கையிலேயே நிற்கும்.

தொடர்ந்து இரண்டு வாரம் கார்னரில் கோல் அடித்த கேப்ரியலை விற்க மனம் வரவில்லை. குறுக்கு வழியை எடுத்தேன். வெள்ளிக்கிழமை இரவே செய்து முடித்தேன், 2:45 அலாரம் வரைகூடப் பொறுக்கவில்லை. ஏழாம் வாரம் ஆர்சனலுக்கு சொந்த மைதானத்தில் சவுத்தாம்ப்டன், அதுவரை ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத அணி. இது ஷீட்டில் என் கண் முன்னால்தான் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது 25 என்ற எண்ணை.

அக்டோபர் 5. ஆர்சனல் 3-1. முதல் இரண்டு கோலுக்கு சாகா அசிஸ்ட், மூன்றாவது அவரே. கோலுக்கு 5, அசிஸ்டுக்கு 3, 3, ஆடியதற்கு 2, போனஸ் இல்லாமலே 13. மறுநாள் செல்சி – ஃபாரஸ்ட் 1-1, செல்சியின் ஒரே கோல் மடுவேகே. சிட்டி ஃபுல்ஹாமை 3-2 என்று வென்றது, அதில் கோவாசிச் இரண்டு, டோக்கு ஒன்று, கேப்டன் ஹாலண்ட் பெயர் பட்டியலில் இல்லை. சாலாவுக்கும் கோல் இல்லை. சிங்கப்பூர்க்காரி வாட்கின்ஸ் கேள்வியை சாகா பெயர் போட்டு மறுபடி அனுப்பினாள்.

ஆறாமிடம். துபாய்க்காரன்கூட என்னைத் தாண்டிவிட்டான், பழைய பரோட்டா பாக்கியை நான் ஞாபகப்படுத்தியதும் குழுவை விட்டே வெளியேறி அரை மணி நேரம் கழித்து திரும்பி வந்தான்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. போன வியாழக்கிழமை இங்கிலாந்து – கிரீஸ் ஆட்டத்தில் சாகா காலில் அடிபட்டு வெளியேறினார். அடுத்த வாரம் ஆடுவாரா என்பது சந்தேகம். அவரை வைத்திருக்கும் மூன்று பேர் இப்போது என்ன செய்வது என்று புலம்புகிறார்கள், நான் ஏதோ முன்கூட்டியே தெரிந்து விற்றவன் போல உட்கார்ந்திருக்கிறேன். என் இரண்டாவது ரிப்பேர் இனி நல்லதாகக்கூட முடியலாம். அப்படி முடிந்தாலும் ஷீட்டில் அதைச் சொதப்பல் என்றே குறித்து வைப்பேன், ஏனென்றால் நான் செய்த காரணம் அது இல்லை.

அடுத்த ஆகஸ்டில் என்ன மாற்றுவேன்? முதலில், 100.0ஐயும் செலவழிக்க மாட்டேன். குறைந்தது 0.5 கையில் வைப்பேன், பெஞ்ச் கீப்பரும் 4.0 டிஃபெண்டரும் யார் என்பதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காமல். மூன்று வாரம் வரை பெஞ்சுக்காக டிரான்ஸ்ஃபர் கிடையாது, காயம் பட்டாலும் சரி. ஷீட்டில் ஐந்தாவது பத்தி ஒன்று சேர்த்துவிட்டேன்: "போகிறவருக்கு இந்த வாரம் யாருடன் ஆட்டம்?" வாட்கின்ஸுக்கு எவர்ட்டன், சாகாவுக்கு சவுத்தாம்ப்டன், இரண்டுமே சொந்த மைதானம். உள்ளே வருபவரின் அட்டவணையை ஐந்து வாரத்துக்குப் பார்க்கிறோம், வெளியே போகிறவரின் அடுத்த ஒரு ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. சனை விற்ற வாரம் அவருக்கு ஆர்சனல், அது ஒன்றுதான் தானாகச் சரியாக அமைந்தது.

கேப்டனை ஹாலண்ட் என்று நிரந்தரமாகப் பூட்ட மாட்டேன். அவர் வெளியூரில் வலுவான அணியோடு ஆடும் வாரம் சாலா, பால்மர் இருவரில் யாருக்கு சொந்த மைதானமோ அவர். கோவைக்காரன் கடைசியாக பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து, வந்த வேகத்தில் வைல்டு கார்டு போட்டு டீமை மொத்தமாகக் கலைத்திருக்கிறான். இத்தனை நாள் திறக்காமலே மூன்றிலும் நாலிலும் இருந்தவன், திறந்த பிறகு எங்கே போகிறான் என்று பார்க்க நாங்கள் எல்லாரும் ஆவலாக இருக்கிறோம்.

எட்டாம் வாரத்துக்கு என் கையில் மூன்று இலவச டிரான்ஸ்ஃபர், வைல்டு கார்டு அப்படியே இருக்கிறது, பாங்க்கில் சில்லறை தீர்ந்துவிட்டது. லிவர்பூல் – செல்சி நேருக்கு நேர், அதனால் சாலா, பால்மர் இருவரும் ஒரே ஆட்டத்தில். சிட்டிக்கு வுல்வ்ஸ். ஐசக் வந்துவிட்டால் யாரையும் தொட மாட்டேன், நாலாக ஏற்றுவேன். டெட்லைன் 19ஆம் தேதி சனிக்கிழமை, மாலை 3:30.